கீமோவைப் பாதியில் நிறுத்தப் போவதாக அக்கா சொல்கிறாள், இங்கிருந்து மருந்து அனுப்பலாமா?

கன்னங்குறிச்சித் தம்பி – மே 25, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் மாங்காய் விலை கேட்டதைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. இன்று யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

அக்காவும் மாமாவும் 9 வருடமாக ஜெர்மனியில், டியூசெல்டார்ஃப் பக்கம் இருக்கிறார்கள். குழந்தைகள் இல்லை, அவர்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்கு 43 வயது. பிப்ரவரியில் இடது மார்பில் கட்டி என்று தெரிந்து மார்ச்சில் ஆபரேஷன் ஆனது. மார்பை எடுக்கவில்லை, கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளில் இரண்டு நிணநீர் முடிச்சுகளிலும் இருந்ததாம். ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் கட்டி), ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவ், இரண்டாம் நிலை என்று ரிப்போர்ட். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு மருந்து என்கிற கீமோ நான்கு, அதற்குப் பிறகு வாரம் ஒன்றாக பேக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ 12, அப்புறம் ரேடியேஷன் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு மருந்து இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது ஜூன் 3.

அதற்குப் போகமாட்டேன் என்கிறாள். இரண்டாவதற்குப் பிறகு நான்கு நாள் வாந்தி, வாயெல்லாம் புண். மாமாவுக்கு நைட் ஷிஃப்ட். பாத்ரூம் தரையிலேயே போர்வையைப் போட்டுப் படுத்திருந்திருக்கிறாள். மாமா காலையில் வந்து பார்த்து அழுதுவிட்டார். தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு இயற்கை மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். வயிற்றில் போடும் புல்லுருவி ஊசி, வைட்டமின் சி டிரிப், தினமும் பத்து ஆப்ரிகாட் கொட்டை. கீமோ உடம்பைக் கெடுக்கும், இதுவே போதும் என்று அவர் சொன்னாராம். மாமாவும் சரி என்றுவிட்டார். இங்கிருந்து முள்சீத்தாத் தழையும் மஞ்சள்-மிளகுப் பொடியும் கேட்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 74 வயது. வீடியோ காலில் அந்த ஊசி மருந்தின் அட்டைப்பெட்டிப் படத்தைப் பார்த்தவர், "இது நம்ம மாமரத்துப் புல்லுருவிதானே" என்றார். மறுநாள் விடிவதற்குள் தொரட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். இப்போது திண்ணையில் முறம் நிறையப் புல்லுருவித் தழை காய்கிறது. தினம் இரண்டு தடவை கிளறிவிடுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

அனுப்பலாமா? அக்காவிடம் எப்படிப் பேசுவது?


வார்டு அக்கா – மே 25, இரவு 11.35

தம்பி, நான் புற்றுநோய் வார்டில் 11 வருடம் நர்ஸாக இருந்தவள். எதையும் அனுப்புவதற்கு முன்னால் ஒன்று கேள். நான்கு நாள் வாந்தி, வாய்ப்புண் என்று அங்கே இருக்கிற டாக்டரிடம் சொன்னாளா?

என் அனுபவத்தில் பாதிப் பேர் சொல்லமாட்டார்கள். "எப்படிம்மா இருக்கு?" என்றால் "பரவாயில்லைங்க" என்பார்கள். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுவார்கள். சிவப்பு மருந்து கடுமையாக வாந்தியைக் கொண்டுவரும் வகை. அதற்கென்று மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரு சேர்க்கை பிடிக்கவில்லையென்றால் அடுத்ததுக்கு மாற்றுவார்கள், இரவில் ஓலான்சபின் என்ற மாத்திரையைச் சேர்ப்பார்கள். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் மருந்து உண்டு. தேவைப்பட்டால் டோஸையே குறைப்பார்கள். சொன்னால்தானே செய்வார்கள்.

இன்னொன்று, இதை இன்றைக்கே சொல்லிவிடு. கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி தாண்டினால் நடுராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். புல்லுருவி ஊசியே லேசாகக் காய்ச்சலைக் கொண்டுவரும். "ஊசிக் காய்ச்சல்தானே" என்று வீட்டில் படுத்துவிட்டால் கிருமித் தொற்று ஒரே ராத்திரியில் ஆளைச் சாய்த்துவிடும்.


தாரமங்கலத்தான் – மே 26, காலை 6.20

நர்ஸம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் அப்பாவுக்கு 71 வயதில் ப்ராஸ்டேட் கேன்சர். மெழுகு என்கிற சித்த மருந்து சாப்பிட்டுத்தான் 9 வருடம் இருந்தார். தோட்டத்துக்குப் போனார், பேரன் கல்யாணம் பார்த்தார். இங்கிலீஷ் மருந்து ஒன்றுதான் வழி என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காததை ஏன் வற்புறுத்த வேண்டும்?


மூலிகை நிழல் – மே 26, காலை 8.05

நான் சித்த மருத்துவம் படித்தவன், ஆத்தூர்ப் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். என் துறையைச் சொல்லி இந்தக் கேள்வி வந்திருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் புல்லுருவி. ஜெர்மனியில் ஊசியாகப் போடுவது விஸ்கம் ஆல்பம் என்ற ஐரோப்பிய ஒட்டுண்ணிச் செடி. அங்கே ஆப்பிள், ஓக், பைன் என்று எந்த மரத்தில் ஒட்டியிருந்ததோ அதை வைத்து மருந்தைப் பிரிக்கிறார்கள். நம் மரபிலும் எந்த மரத்துப் புல்லுருவி என்று பார்த்துத்தான் எடுப்போம். அதனால் அப்பா ஒன்றாக நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நம் மாமரத்தில் சிவந்த குழல் மாதிரிப் பூப்பது வேறு குடும்பத்துச் செடி. அது இதற்குப் பதிலாகாது. அந்த ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் தெம்பாக இருப்பதாகச் சில ஆய்வுகளில் நோயாளிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆயுளைக் கூட்டுகிறது என்று உறுதியாகக் காட்டியதில்லை. சுவீடனில் 290 கணையப் புற்றுநோயாளிகளுக்கு, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் என்று பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். வித்தியாசமே இல்லை.

ஆப்ரிகாட் கொட்டைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. அதில் இருக்கும் அமிக்டலின் வயிற்றுக்குள் சயனைடாக உடையும். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரவள்ளிப் பசுந்தழையை நிறைய மேய்ந்த ஆடு நடுங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள், கசப்பு மரவள்ளியைச் சும்மா தின்னக்கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருப்பார்கள். அதே சங்கதிதான் இது. மூன்று சிறிய பச்சைக் கொட்டைக்கு மேல் பெரியவர்களுக்கே ஆபத்து என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தது. உங்கள் அக்கா தின்பது பத்து. வைட்டமின் பி17 என்று பேர் வைத்திருக்கிறார்கள், அது வைட்டமினே இல்லை. அமெரிக்காவில் 178 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கும் குணமாகவில்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியது. இதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மஞ்சள் குழம்பில் இருக்கட்டும், ரசத்தில் மிளகு இருக்கட்டும். தினமும் ஸ்பூன் கணக்கில் பொடியாகவோ மாத்திரையாகவோ வேண்டாம். மிளகில் இருக்கும் பைப்பரின், மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையே மாற்றும். ஹார்மோன் பாசிட்டிவ் என்பதால் பின்னால் டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை வரலாம். மஞ்சள் சத்து மாத்திரையும் பைப்பரினும் சேர்ந்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் வேலை செய்யும் வடிவம் குறைகிறது என்று நெதர்லாந்தில் 16 பெண்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

தாரமங்கலம் ஐயா, ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் எதுவும் நடந்ததா?


தாரமங்கலத்தான் – மே 26, காலை 9.40

விரைகளை எடுக்கும் ஆபரேஷன் சேலத்திலேயே செய்தோம். அதற்குப் பிறகுதான் மெழுகு.


மூலிகை நிழல் – மே 26, காலை 10.15

ஐயா, ப்ராஸ்டேட் கேன்சருக்கு அதுவே ஒரு முழு சிகிச்சை. அந்தக் கட்டி வளர ஆண் ஹார்மோன் வேண்டும், அதை அந்த ஆபரேஷன் நிறுத்திவிடும். அப்பா தைரியமாக இருந்ததற்கு மெழுகும் உதவியிருக்கலாம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பெண்ணின் கதை அதுவல்ல. பாதரசம் சேர்ந்த மெழுகை கீமோ நடுவில் கொடுத்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. நானே கொடுக்கமாட்டேன்.

புற்றுநோயைக் குணப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். என் தொழிலில் இருப்பவர்கள் பலருக்கு அது தெரியும். தெரிந்தும் செய்கிறவர்களால் எங்கள் எல்லோருக்கும் தலைகுனிவு.


மஸ்கட் மணல் – மே 26, மதியம் 2.30

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

நானும் என் வீட்டுக்காரரும் மஸ்கட்டில் 14 வருடம் இருந்தோம். அவருக்குப் பெருங்குடலில் வந்தது. ஆபரேஷன் முடிந்து கீமோ சொன்னார்கள். ஒன்று போட்டார், கை விரல் குளிரில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்றார். வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். ஊரில் ஒரு வைத்தியசாலையிலிருந்து மாதாமாதம் கார்கோவில் பொடி வந்தது. வேக வைக்காத சாப்பாடு மட்டும். நானும் அவரோடு சேர்ந்து அதையே சாப்பிட்டேன். காலை 5 மணிக்கு எழுந்து இரண்டு பேருக்கும் அருகம்புல் அரைப்பேன். அந்த மாதங்களில் நாங்கள் சண்டையே போட்டதில்லை. அவர் நம்பட்டும் என்று நான் நம்புகிற மாதிரி இருந்தேன். நான் பயப்படக்கூடாது என்று அவர் நம்புகிற மாதிரி இருந்தார் என்பது கடைசியில்தான் தெரிந்தது. ஊரில் இருந்திருந்தால் என் நாத்தனாராவது வந்து கத்தியிருப்பார், என் தம்பி கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்பான். அங்கே கதவைச் சாத்தினால் நாங்கள் இரண்டு பேர்தான்.

11-ஆம் மாதம் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் வீல்சேரில் இறக்கினார்கள். ஆம்புலன்ஸில் சங்ககிரி வரும்போது தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு ஏழு வாரம்.

தம்பி, உங்கள் மாமாவிடம் பேசுங்கள். அக்காவிடம் அப்புறம் பேசலாம். முதலில் அவரிடம் பேசுங்கள். அவருக்குத்தான் ஆள் இல்லை.


கன்னங்குறிச்சித் தம்பி – மே 26, மாலை 6.10

மஸ்கட் அக்கா, நீங்கள் எழுதியதை மாமாவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவும். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.


மஸ்கட் மணல் – மே 26, மாலை 6.25

கேட்க வேண்டியதில்லை தம்பி.


ஸ்டட்கார்ட் சேலத்தான் – மே 27, அதிகாலை 1.15

நான் அம்மாப்பேட்டை, இங்கே வந்து 12 வருடம் ஆகிறது. அந்த "இயற்கை மருத்துவர்" ஹைல்பிராக்டிகராக இருக்கலாம். ஜெர்மனியில் 1939-ல் வந்த ஒரு சட்டப்படி, மருத்துவப் பட்டம் இல்லாமலேயே சுகாதார அலுவலகத்தின் தேர்வை எழுதி அனுமதி வாங்கியவர்கள் வைத்தியம் பார்க்கலாம். வாசலில் போர்டு இருக்கும், ஜெர்மனியில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் நம் ஆட்கள் டாக்டர் என்றே நினைத்துவிடுவார்கள். நல்ல மனிதர்களும் அதில் உண்டு. ஆனால் டியூசெல்டார்ஃபிலிருந்து அதிக தூரமில்லாத ப்ரூகன்-ப்ராக்ட் என்ற எல்லை ஊரில் 2016-ல் இப்படி ஒருவர் நடத்திய மாற்றுப் புற்றுநோய் மையத்தில், பரிசோதனை நிலையில் இருந்த ஒரு மருந்தை டிரிப்பில் ஏற்றி மூன்று நோயாளிகள் இறந்தார்கள். 2019-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. உங்கள் மாமா இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

இங்கே கீமோவுக்குப் பணம் பிரச்சினை இல்லை, அரசு இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆறு வாரம் முழுச் சம்பளம், அதற்குப் பிறகு இன்சூரன்ஸிலிருந்து சம்பளத்தில் ஏறத்தாழ 70 சதவீதம், ஒரே நோய்க்கு 78 வாரம் வரைக்கும். கையிலிருந்து காசு போவது அந்த டிரிப்புக்கும் கொட்டைக்கும்தான். வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளக்கூட விண்ணப்பிக்கலாம். மார்பகப் புற்றுநோய் மையங்களில் மனநல ஆலோசகர் இருப்பார், அதற்குத் தனியாகக் காசு இல்லை. ஹைடெல்பெர்க்கில் இருக்கும் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் தகவல் சேவைக்கு இலவசமாகப் போன் செய்து எந்த மருந்தைப் பற்றியும் கேட்கலாம்.

வார்டு அக்கா சொன்ன விஷயம்தான் எனக்கும் தோன்றியது. மொழி. வேலை செய்யத் தெரிகிற ஜெர்மன் வேறு, வாய்ப்புண்ணைச் சொல்கிற ஜெர்மன் வேறு. ஹாம் ஊரில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002-ல் கும்பாபிஷேகம் ஆன பெரிய கோயில். அந்தப் பக்கம் முழுக்க ஈழத்துக் குடும்பங்கள். அங்கேயே படித்து வளர்ந்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். நான் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்க்கிறேன், யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார்கள்.


ஏற்காட்டு மிளகுக்கொடி – மே 27, காலை 7.30

மஞ்சக்குட்டை பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. வேலியோரம் முள்சீத்தா மூன்று மரம். கோடை விழா சமயத்தில் கார் நிறுத்தித் தழை கேட்காத நாளே இல்லை. நானும் இரண்டு வருடம் விற்றேன். ஒரு அம்மா மகனுக்கு ரத்தப் புற்றுநோய், ஆஸ்பத்திரியை விட்டுவிட்டோம், இதைத்தான் நம்பியிருக்கிறோம் என்று காசை நீட்டியபோது வாங்க முடியவில்லை. அன்றோடு விட்டேன். பழம் கேட்டால் கொடுக்கிறேன், தழையை ஒடிக்க விடுவதில்லை.


மூலிகை நிழல் – மே 27, காலை 8.50

நல்ல காரியம் செய்தீர்கள். சோதனைக் குழாயில் முள்சீத்தாச் சத்து புற்றுநோய் செல்லைக் கொல்லும் என்பது உண்மைதான், ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்து நிரூபித்ததில்லை. அதில் இருக்கும் அனோனாசின் நரம்பைக் கெடுக்கக் கூடியது. குவாடலூப் தீவில் அந்தப் பழமும் தழைத் தேநீரும் நிறையச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் மாதிரி நடுக்க நோய் அதிகமாக இருந்ததை 1999-ல் எழுதினார்கள்.

தம்பி, அப்பாவிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு அடுத்து வரப்போகிற பேக்லிடாக்சல் ஒரு மரத்தின் பட்டையிலிருந்துதான் முதலில் எடுக்கப்பட்டது. அமெரிக்க மேற்குக் கரையில் வளரும் யூ மரம். 1971-ல் அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, 1992-ல்தான் மருந்தாக அனுமதி கிடைத்தது. இடையில் 20 வருடம் எவ்வளவு, எப்படி, யாருக்கு என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்தும் இரண்டு புற்றுநோய் மருந்துகள் வந்திருக்கின்றன. அதைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள், மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் ஏற்றுகிற மருந்து அது. மூலிகை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்பது அப்பாவுக்குப் புரிந்தால் மனசு ஆறும்.


வார்டு அக்கா – மே 27, மதியம் 1.00

அக்காவிடம் இதைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் பரவாத நிலையில் இருந்தும் சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவம் மட்டும் எடுத்த 281 பேரை, சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகத்தில் மட்டும் எடுத்தால் ஐந்து மடங்குக்கும் மேல். அவர்கள் படிக்காதவர்கள் இல்லை, படிப்பும் வசதியும் அதிகம் இருந்தவர்கள்.

அக்காவுக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கக் கூடியதற்குத்தான் இந்தக் கீமோ. அதனால்தான் நிறுத்தினாலும் ஆறு மாதம், ஒரு வருடம் நன்றாகவே இருக்கும். கொட்டை வேலை செய்கிறது என்று தோன்றும்.


கன்னங்குறிச்சித் தம்பி – ஜூன் 4, இரவு 11.20

ஜூன் 3-ஆம் தேதி அக்கா போகவில்லை. ஆனால் அன்று ராத்திரி மாமா கூப்பிட்டார், ஒரு மணி நேரம் பேசினார். "அவ வேண்டாம்னு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சுடா, இனிமே அப்படி அவளைப் பாக்க வேண்டாமேன்னு" என்றார். மஸ்கட் அக்கா எழுதியதை நாலு நாள் போனில் வைத்துக்கொண்டு, பிறகு அக்காவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். கொட்டையை நிறுத்திவிட்டார்கள்.

வாந்தி, வாய்ப்புண் எதையும் அக்கா டாக்டரிடம் சொல்லவே இல்லை. ஒவ்வொரு தடவையும் "கூட்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தமாம்.


கன்னங்குறிச்சித் தம்பி – ஜூன் 18, காலை 6.45

நேற்று மூன்றாவது போட்டாகிவிட்டது.

ஸ்டட்கார்ட் அண்ணா ஏற்பாடு செய்த ஈழத்துப் பெண் போன வாரம் கூடவே போய், அக்கா தமிழில் சொல்லச் சொல்ல ஜெர்மனில் சொன்னாராம். அக்கா இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாளாம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். வாந்தி மருந்தை மாற்றி, இரவு மாத்திரை ஒன்று சேர்த்திருக்கிறார். வைட்டமின் சி டிரிப் கீமோ முடியும் வரைக்கும் வேண்டாம் என்றார். புல்லுருவி ஊசிக்கு அவர் திட்டவில்லை. ஃபைலில் எழுதிக்கொண்டு, காய்ச்சல் வந்தால் ஊசியால்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே வரவேண்டும் என்றாராம். அக்காவே அதை விட்டுவிட்டாள். வயிற்றில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து தடித்திருக்கிறதாம்.

அப்பாவிடம் யூ மரத்துக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தார். "அப்ப அவளுக்கு நான் என்னதான்டா செய்யறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வார்டு அக்கா, ஏதாவது சொல்லுங்கள்.


வார்டு அக்கா – ஜூன் 18, காலை 9.30

மாமா நைட் ஷிஃப்ட் போகிற நாட்களில் அவர் வீடியோ காலில் இருக்கட்டும். பேச வேண்டியதில்லை, போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு வேலை பார்க்கட்டும். சுக்கு இடித்து அனுப்பலாம், குமட்டலுக்கு இதமாக இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் போதும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். பச்சைத் தழை, பழம் எதுவும் பார்சலில் வைக்கக்கூடாது, அங்கே சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள்.


கன்னங்குறிச்சித் தம்பி – செப்டம்பர் 12, இரவு 9.15

விசாரித்து மெசேஜ் அனுப்பிய எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். பேக்லிடாக்சல் ஏழு முடிந்தது, இன்னும் ஐந்து. விரல் நுனி மரத்துப் போகிறது, ஜாக்கெட் ஹூக் மாட்ட மாமாதான் உதவுகிறார். மருந்து ஏறும்போது கைக்கும் காலுக்கும் ஐஸ் உறை மாட்டிவிடுகிறார்கள். இந்த முறை விரலைப் பற்றி அவளே ஜெர்மனில் சொல்லிவிட்டாளாம், அந்த ஈழத்துப் பெண் எழுதிக் கொடுத்த வார்த்தைகளை வைத்து. வாந்தி ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒரே நாள்தான்.

அப்பா லீ பஜாரில் சுக்கு வாங்கி உரலில் தானே இடித்து, இரண்டு தடவை துணியில் சலித்து அனுப்பினார். தினமும் ராத்திரி எட்டரைக்குப் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு கடலைக்காய் உரிக்கிறார். அங்கே அப்போது மாலை ஐந்து மணி. சில நாள் அக்கா தூங்கிவிடுவாள், இவர் கட் பண்ணமாட்டார்.

முறத்தில் இருந்த தழையைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டார். போன வாரம் ஆள் வைத்து, மாமரத்தில் புல்லுருவி ஒட்டியிருந்த கிளைகளை ஒட்டுக்குக் கீழே வரைக்கும் வெட்டிவிட்டார். விட்டிருந்தால் அடுத்த வருடம் காய்ப்பு போயிருக்கும்.

நவம்பரில் ரேடியேஷன். அதற்கு அப்பாவும் நானும் போகலாம் என்று விசாவுக்குப் போட்டிருக்கிறோம். ஸ்டட்கார்ட் அண்ணா, நவம்பரில் அங்கே எவ்வளவு குளிரும்? அப்பாவிடம் ஏற்காட்டுக்குப் போட்டுப் போகிற ஸ்வெட்டர் ஒன்றுதான் இருக்கிறது.


ஸ்டட்கார்ட் சேலத்தான் – செப்டம்பர் 13, அதிகாலை 12.40

அது பத்தாது. எங்கள் அப்பா வந்தபோது வாங்கிய கோட்டு வீட்டில் சும்மாதான் தொங்குகிறது, ஏர்போர்ட்டுக்கே எடுத்து வருகிறேன். அப்பாவின் உயரம் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். சுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தால் எனக்கும் ஒரு பொட்டலம்.